தாது வருடப் பஞ்சமும் கொடைக்கானல் சூரியப் பதிவுகளும்: ஒரு நெடுங்கால அறிவியல் ஆவணத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. 1876–78 பஞ்சத்தின்போது, இச்சுழற்சிக்கும் சென்னை மாகாணத்தின் மழைக்கும் தொடர்பு உண்டு என்னும் கருத்து காலனிய ஆட்சியாளரிடையே பரவியது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைவதற்கு அக்கருத்தும் ஒரு தூண்டுகோல். மழையை முன்னறிவிக்கும் நோக்கம் நிறைவேறவில்லை. எனினும் அந்நோக்கத்தை ஒட்டித் தொடங்கிய நாள்தோறுமான சூரியப் படப்பதிவு, காந்தப் புலத்தை அளக்கும் கருவிகள் தோன்றுவதற்கு முந்தைய சூரியனின் காந்த வரலாற்றை மீட்டெடுக்க உதவும் சான்றாக மாறியது. இம்மாற்றத்தைக் காலவரிசையில் ஆராயும் இக்கட்டுரை, ஆவணத்தின் மதிப்பு அதைத் தோற்றுவித்த கருதுகோளின் மெய்ம்மையைச் சார்ந்ததன்று என்பதையும், பஞ்சத்தின் காரணத்தைப் பற்றிய விவாதத்திலிருந்து அவ்வாவணத்தின் வரலாற்றைப் பிரித்து எழுத இயலாது என்பதையும் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாது வருடப் பஞ்சம், சூரியப் புள்ளிச் சுழற்சி, கொடைக்கானல் ஆய்வகம், சூரியக் காந்தப் புலம், துருவப் புல மாற்றம், அறிவியல் ஆவணம்

முன்னுரை

தமிழகத்தின் அறிவியல் நிறுவன வரலாற்றில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குத் தனியிடம் உண்டு. 1899 ஏப்ரல் 1 அன்று முறையாக நிறுவப்பட்ட அவ்வாய்வகம், 1904 முதல் சூரியனைத் தொடர்ந்து படம்பிடித்து வந்துள்ளது. அதன் தோற்றத்தைப் பற்றிய அறிமுக எழுத்துகள் பெரும்பாலும் ஒரே வரியைக் கூறும்: சென்னை மாகாணப் பஞ்சம் பருவமழையைப் புரிந்துகொள்ளும் தேவையை உணர்த்தியது; அதனால் சூரிய ஆய்வகம் அமைந்தது. இவ்வரி பிழையானதன்று. ஆயினும் அது இரண்டு வினாக்களை விடையின்றி விடுகிறது. பஞ்சத்திலிருந்து சூரியனுக்கு ஆட்சியாளரின் பார்வை எவ்வாறு சென்றது? எதிர்பார்த்த பயன் கிட்டாதபோதும் பதிவு ஏன் மதிப்பிழக்கவில்லை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. தாது வருடமும் சூரியக் கணக்கும்

1876இல் தொடங்கிய பஞ்சம் தமிழ் மக்களின் நினைவில் 'தாது வருடப் பஞ்சம்' என்னும் பெயரால் நிலைத்தது. அறுபது ஆண்டு வட்டத்தில் பத்தாவதான தாது ஆண்டு 1876 ஏப்ரலில் பிறந்தது. அவ்வாண்டின் பருவமழைகள் பொய்த்தன; அடுத்த ஆண்டின் தென்மேற்குப் பருவமழையும் தவறியது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், சேலம், கோயம்புத்தூர், செங்கல்பட்டு, வடார்க்காடு ஆகிய மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலை வட்டம், வடார்க்காட்டையும் சேலத்தையும் ஒட்டிய நிலப்பகுதியாகும். அண்ணாமலையின் மேற்குப் புறத்தே கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலை போன்ற ஊர்களில் வேளாண்மை ஏரி, கிணறு, மானாவாரி ஆகிய மூன்றையுமே சார்ந்திருந்தது. பேராற்றுப் பாசனம் இல்லாத இத்தகைய நிலப்பகுதியில் இரண்டு பருவங்கள் தொடர்ந்து பொய்த்தால் ஏரியும் கிணறும் ஒருசேர வற்றும். மழையை முன்கூட்டி அறியும் வேட்கை இங்கு அரசின் நிர்வாகத் தேவையாக மட்டும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் படிக்கும்போது அவ்வாண்டின் அரசர், அமைச்சர், மேகாதிபதி ஆகியோரைக் கொண்டு மழையின் அளவைக் கணித்துக் கூறும் மரபு உழவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவந்தது.

ஆட்சியாளர் நாடிய கணக்கு வேறு வகைப்பட்டது. ஜெர்மானியரான ஹைன்ரிக் சுவாபே, சூரியப் புள்ளிகள் சீரான கால இடைவெளியில் கூடிக் குறைவதை 1843இல் வெளியிட்டிருந்தார். 1852இல் எட்வர்டு சபைன் முதலியோர் புவிக் காந்தத்தின் ஏற்ற இறக்கமும் அதே காலஅளவைப் பின்பற்றுவதைக் காட்டினர். ருடால்ஃப் வுல்ஃப் பழைய பதிவுகளைத் தொகுத்துச் சுழற்சியின் சராசரி 11 ஆண்டுக்குச் சற்று மேல் என்று நிறுவினார். இப்பின்புலத்தில், இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவரான வில்லியம் வில்சன் ஹண்டர், சென்னை நகரின் 1813 முதலான மழைப் பதிவுகளைப் புள்ளிச் சுழற்சியோடு ஒப்பிட்டு 1877இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். புள்ளிகள் மிகக் குறையும் காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் சென்னையின் மழையும் குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதே ஆண்டில் அவரும் வானியலறிஞர் நார்மன் லாக்யரும் இணைந்து, சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் தொடர்புபடுத்தி இலண்டன் இதழொன்றில் எழுதினர். புள்ளிகள் அப்போது உண்மையிலேயே தாழ்நிலையை நெருங்கிக்கொண்டிருந்தன. தாழ்நிலை 1878இல் அமைந்தது. கண்முன் நிகழும் பஞ்சமும் கணக்கும் பொருந்தியது அக்கருத்துக்கு வலுச் சேர்த்தது.

2. கருதுகோளின் அரசியலும் மறுப்பும்

இக்கருதுகோள் பரவிய சூழலைக் கருத வேண்டும். 1877 சனவரி 1 அன்று தில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடைபெற்றது. பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதி தடுக்கப்படவில்லை. நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம், தானியமும் சிறு காசும் போதும் என்று வரையறுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை மருத்துவ அடிப்படையில் கடுமையாக எதிர்த்தார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது. பஞ்ச மரணங்களுக்கு ஆட்சியின் கொள்கை எந்த அளவு பொறுப்பு என்னும் வினா அப்போதே எழுந்துவிட்டது. வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்ச வரலாறு இதற்குச் சான்று.

இத்தகைய நேரத்தில் பஞ்சத்தின் காரணத்தை வானில் தேடும் கருத்து, அதை முன்வைத்தோரின் நோக்கம் எதுவாயினும், தரையிலுள்ள காரணங்களிலிருந்து பார்வையை விலக்கும் தன்மை கொண்டிருந்தது. மழை பொய்ப்பது ஒன்று; தானியம் இருந்தும் அதை வாங்க இயலாமல் மக்கள் இறப்பது வேறொன்று. முன்னதைச் சூரியனால் விளக்க முடிந்திருந்தாலும் பின்னதை விளக்கியிருக்க முடியாது.

கருதுகோளுக்கு அறிவியல் மறுப்பும் உடனே எழுந்தது. ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி 1877இலேயே இலண்டன் ராயல் சங்கத்தில் ஹண்டரின் கணக்கைச் சோதித்து, சென்னையின் மழை புள்ளிச் சுழற்சியைப் பின்பற்றுவதாகக் கொள்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். ஹண்டரிடம் இருந்தவை 64 ஆண்டுகளின் அளவீடுகளே. அவை ஆறு சுழற்சிகளைக்கூட நிரப்பா. அத்தகைய குறுகிய தொடரில் தற்செயல் ஏற்றத்தாழ்வும் ஒழுங்குபோலத் தோன்றக்கூடும். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டும், ஒரு நகரின் மழையைக் கொண்டு நாடு முழுமைக்கும் விதி வகுப்பதை ஐயத்தோடு நோக்கினார். பின்னாளில் பஞ்ச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் இதே ஸ்ட்ரேச்சி என்பது குறிப்பிடத்தக்கது.

மறுப்பு எழுந்தும் ஆர்வம் தணியவில்லை. பொருளியலறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ், புள்ளிச் சுழற்சி இந்திய விளைச்சலைப் பாதித்து அதன் வழியே இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளையும் தோற்றுவிக்கிறது என்று எழுதினார். 1878 முதல் டேராடூனில் சூரியன் நாள்தோறும் படம்பிடிக்கப்பட்டது. கிரீனிச்சில் மேகம் மறைத்த நாள்களின் இடைவெளியை நிரப்ப இப்படங்கள் பயன்பட்டன.

3. சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு

1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளர் நார்மன் போக்சன், சூரியனையும் விண்மீன்களையும் படம்பிடிக்கவும் நிறமாலை வழி ஆராயவும் தென்னிந்திய மலையொன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி அமைக்க வேண்டும் என்று 1882இல் முன்மொழிந்தார். மிச்சி ஸ்மித் பழனி, நீலகிரி மலைகளின் வான்நிலையை ஆராய்ந்தார். போக்சன் 1891இல் மறைந்தார். கெல்வின் பிரபு தலைமையிலான இந்திய ஆய்வகங்கள் குழு 1893 சூலை 20 அன்று கூடிக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. தூசியற்ற காற்று, உயரம், தெற்கே அமைந்த இருப்பிடம் ஆகியவை காரணங்களாயின. ஆய்வகம் அமைந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரமுடையது. 1895 முதல் சென்னையின் கருவிகளும் பணிகளும் மலைக்கு மாற்றப்பட்டன. மிச்சி ஸ்மித் முதல் தலைவரானார்.

நிறுவனம் வானிலைத் துறையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பது அதன் தோற்ற நோக்கத்தை உணர்த்தும். ஆயினும் அன்றாடப் பணி வேறொரு தர்க்கத்தைப் பின்பற்றியது. 1904இல் வெண்ணொளியில் சூரியனின் முழுவட்டத்தைப் படம்பிடிக்கும் பணி தொடங்கியது. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்னும் கருவி, கால்சியம் அணுக்கள் உமிழும் ஊதா நிற ஒளியில் மட்டும் சூரியனைப் பதிவு செய்தது. 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும் படங்கள் எடுக்கப்பட்டன. 1850இல் பாரிசு நகரில் செய்யப்பட்டுச் சென்னைக்கு வந்திருந்த 15 செ.மீ. தொலைநோக்கி புதுப்பிக்கப்பட்டு வெண்ணொளிப் படங்களுக்குப் பல பதின்ம ஆண்டுகள் பயன்பட்டது. வானம் தெளிந்த ஒவ்வொரு காலையிலும் கண்ணாடித் தட்டை ஏற்றி, படம் எடுத்து, கழுவி, நாளும் நேரமும் குறித்து வைப்பதே இப்பணி. ஆய்வகத்தின் இந்திய உதவியாளர்களின் தொடர்ந்த உழைப்பின்றி இது இயன்றிராது.

4. புள்ளியிலிருந்து காந்தப் புலத்துக்கு

இப்பதிவு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சூரியப் புள்ளி என்பதன் பொருள் மாறியது. 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் எல்லெரி ஹேல், புள்ளிகளின் ஒளியில் நிறமாலைக் கோடுகள் பிளவுறுவதைக் கண்டு, அவை வலிய காந்தப் புலம் கொண்ட இடங்கள் என்று நிறுவினார். கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் 1909 சனவரியில் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். ஹேலின் படங்கள் சுழலைச் சுட்டியதால் சுழற்சி இயக்கமே எதிர்பார்க்கப்பட்டது. எவர்ஷெட் கண்டதோ, புள்ளியின் கருமையான நடுப்பகுதியைச் சூழ்ந்த அரைநிழற் பகுதியில் வளிமம் ஆரம் வழியே வெளிநோக்கிப் பாயும் இயக்கம். 'எவர்ஷெட் விளைவு' என்னும் பெயரால் அது இன்றும் சூரிய இயற்பியல் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

புள்ளிகள் பெரும்பாலும் எதிரெதிர் முனைகள் கொண்ட இணைகளாகத் தோன்றுவதையும், முனைகளின் வரிசை வட, தென் அரைக்கோளங்களில் மாறுபட்டிருப்பதையும், அடுத்த சுழற்சியில் அவ்வரிசை தலைகீழாவதையும் ஹேலும் அவர் குழுவினரும் பின்னர் கண்டனர். எனவே 11 ஆண்டு என்பது காந்தச் சுழற்சியின் பாதியே. முழுச் சுழற்சி ஏறத்தாழ 22 ஆண்டுகளாகும். ஹண்டரின் காலத்தில் மழையின் குறியாக எண்ணப்பட்ட புள்ளி, அரை நூற்றாண்டுக்குள் சூரியனின் உட்பகுதியில் நிகழும் காந்த உருவாக்கத்தின் குறியாக மாறிவிட்டது. கொடைக்கானலில் பதிவின் முறை மாறவில்லை. பதிவைப் படிக்கும் முறை மாறியது.

5. மழை வினாவின் முடிவு

ஆய்வகத்தை நிர்வகித்த துறையே மழை வினாவுக்கு வேறு திசையில் விடை கண்டது. 1904 முதல் 1924 வரை இந்திய ஆய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்த கில்பர்ட் வாக்கர், சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் முறையில் சோதித்தார். கிடைத்த ஒட்டுறவுகள் முன்னறிவிப்புக்கு உதவாத அளவுக்கு வலிமை குன்றியவை. அவர் உலகின் பல இடங்களின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை ஆகியவற்றை ஒப்பிட்டு, இந்தியப் பெருங்கடல் பகுதிக்கும் பசிபிக் பகுதிக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டு 'தெற்கத்திய அலைவு' எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் அது பசிபிக் கடல்நீர் வெப்பமடையும் எல் நினோவோடு இணைத்து விளக்கப்பட்டது. 1877–78இல் நிகழ்ந்த எல் நினோ பதிவுகளில் மிக வலியவற்றுள் ஒன்று. தாது வருட வறட்சிக்கான இயற்கைக் காரணத்தைத் தேட வேண்டிய இடம் பசிபிக் கடலே என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

தோற்ற நோக்கம் தளர்ந்தபோது பதிவைக் கைவிடுவதற்குக் காரணம் இருந்தது. ராய்ட்ஸ், ஏ. எல். நாராயண், ஏ. கே. தாஸ் ஆகியோரின் தலைமையிலும், 1960 முதல் எம். கே. வைணு பாப்புவின் தலைமையிலும் அது தொடர்ந்தது. 1971இல் ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பின் பகுதியாயிற்று. இரவு வானியலுக்கெனப் பாப்பு, திருவண்ணாமலைக்கு வடமேற்கே பரவிக் கிடக்கும் சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து, 1968 முதல் அங்குப் பணிகளை வளர்த்தார். கொடைக்கானல் சூரியனுக்குரியதாகவே நீடித்தது.

6. கருவிக்கு முந்தைய காந்த வரலாறு

சூரியனின் முழுவட்டக் காந்தப் புலத்தை அளக்கும் கருவியை ஹெரால்டு பாப்காக்கும் ஹோரேஸ் பாப்காக்கும் 1950களில் அமைத்தனர். 1957–58இல் சூரியனின் துருவக் காந்தப் புலம் முனை மாறுவது நேரடியாகக் காணப்பட்டது. ஆனால் நெடுங்கால மாற்றத்தை அறிய ஓரிரு சுழற்சிகள் போதா. 1645 முதல் 1715 வரை புள்ளிகள் மிக அரிதாகவே தோன்றிய மாண்டர் தாழ்நிலை, 1957–58இல் உச்சம் கண்ட 19ஆம் சுழற்சியின் பெருவலிமை, 2014இல் உச்சம் கண்ட 24ஆம் சுழற்சியின் மெலிவு ஆகியவை சுழற்சிகளிடையே உள்ள பெரும் வேறுபாட்டைக் காட்டுகின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய 1950க்கு முந்தைய காந்தப் புல விவரம் தேவை. அதை நேரடியாக அளந்தவர் எவருமில்லை.

இங்குதான் கொடைக்கானல் தட்டுகள் பயன்படுகின்றன. கால்சியம் ஒளிப் படங்களில் காணப்படும் ஒளிர்திட்டுகள் காந்தப் புலம் வலுத்த இடங்களோடு நெருங்கிப் பொருந்துகின்றன. ஹைட்ரஜன் ஒளிப் படங்களில் காணப்படும் கரிய இழைகள் எதிரெதிர் முனைப் பகுதிகளின் எல்லைக்கோட்டின் மேல் அமைகின்றன. ஆகவே இழைகள் ஆண்டுதோறும் துருவத்தை நோக்கி நகர்வதைப் பின்தொடர்ந்தால், பழைய முனைப் பகுதி சுருங்கி மறையும் காலத்தையும், துருவப் புலம் மாறிய ஆண்டையும் கணிக்கலாம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கே. ஆர். சிவராமனும் சோவியத் அறிஞர் வி. ஐ. மகாரோவும் 1983இல் வெளியிட்ட ஆய்வுகள் இம்முறையையே கையாண்டன. 1904–1940 காலத்தைப் பற்றிய பகுதி, அளவுக் கருவி இல்லாத காலத்தின் துருவப் புல மாற்றங்களைப் பட்டியலிட்டது.

வெண்ணொளிப் படங்களும் இவ்வாறே பயன்பட்டன. புள்ளித் தொகுதிகள் சூரியனின் நடுக்கோட்டுக்குச் சற்றுச் சாய்ந்து அமைகின்றன; இச்சாய்வு அடுத்த சுழற்சியின் வித்தாகிய துருவப் புலத்தை உருவாக்குவதில் பங்கு கொள்கிறது. மவுண்ட் வில்சன், கொடைக்கானல் ஆகிய இரு பதிவுகளிலும் 15 முதல் 21 வரையிலான சுழற்சிகளை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வு, வலிய சுழற்சிகளில் சராசரிச் சாய்வு குறைகிறது என்று கண்டது. இதன் வலிமை குறித்துப் பின்னர் விவாதம் எழுந்தது. அவ்விவாதமும் அதே தட்டுகளை மீண்டும் அளப்பதாலேயே நடைபெறுகிறது. துருவப் புலத்தைக் கொண்டு அடுத்த சுழற்சியின் வலிமையைக் கணிக்கும் முறை இன்று வழக்கில் உள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அர்ணப் ராய் சௌத்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் 24ஆம் சுழற்சி மெலிந்திருக்கும் என்று கணித்தது நிறைவேறியது. முன்னறிவிப்பு இறுதியில் கைகூடியது. ஆனால் அறிவிக்கப்பட்டது மழையன்று, சூரியனே.

7. ஆவணத்தின் குறைகள்

நெடுங்காலப் பதிவு தன்னளவில் முழுமையான சான்றாகாது. ஒளித்தகடுகளின் வேதிப் பண்பு காலந்தோறும் மாறியுள்ளது. முற்காலத் தட்டுகளில் ஒளிச்செறிவை அளவிடுவதற்கான ஒப்பீட்டுக் குறிகள் இல்லை. சில தட்டுகளில் நேரக் குறிப்பும் திசைக் குறிப்பும் பிழைபட்டுள்ளன. பிற்காலத்தில் படங்களின் தரமும் ஒரே சீராக இல்லை. கால்சியம் ஒளியில் தட்டுப் பதிவு 2007இல் முடிவுற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் மின்னணு வடிவுக்கு மாற்றப்பட்டு ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. மாற்றத்தின்போது ஒவ்வொரு தட்டின் குறிப்பையும் நாட்குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டியிருந்தது. தட்டு மட்டும் எஞ்சி, அதை எடுத்தவர் எழுதிய குறிப்பு அழிந்திருந்தால், சாய்வையும் முனையையும் பற்றிய முடிவுகள் பலவும் இயன்றிரா. எனவே எழுத்தர்களும் உதவியாளர்களும் எழுதிய குறிப்பேடுகள் தட்டுகளுக்கு நிகரான மூலச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தாது வருடப் பஞ்சம் கொடைக்கானல் ஆய்வகத்துக்குத் தூண்டுகோலாக இருந்தது என்பது ஏற்கத்தக்கதே. சூரியப் புள்ளி பஞ்சத்துக்குக் காரணம் என்பது ஏற்கத்தக்கதன்று. அக்காலத்திலேயே மறுக்கப்பட்ட கருதுகோள் அது. இவ்விரண்டையும் பிரிக்காமல், பஞ்சம் அறிவியலை ஈன்றது என்று சுருக்கி எழுதுவது, மாண்டோரின் கணக்கில் ஆட்சிக் கொள்கைக்குரிய பங்கை மறைத்துவிடும்.

இரண்டாவதாக, ஆவணத்தின் மதிப்பு தொடர்ச்சியில் உள்ளது. 64 ஆண்டு மழைப் பதிவைக் கொண்டு விதி வகுத்தது ஹண்டரின் குறை. அக்குறைக்கு மாற்று, இடையறாத நீண்ட பதிவே. பயன் உடனே தெரியாத நிலையிலும் ஒரு நூற்றாண்டு காலம் பதிவு தொடர்ந்ததால்தான் காந்தச் சுழற்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. நீண்டகால ஆய்வுப் பணிகளுக்கு நிதி ஒதுக்கும்போது இவ்வரலாறு நினைவுகூரத்தக்கது.

மூன்றாவதாக, பஞ்சத்தின் ஆவணங்களும் சூரியனின் ஆவணங்களும் இதுவரை தனித்தனித் துறையினரால் படிக்கப்படுகின்றன. வடார்க்காடு, தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களின் வருவாய்த் துறைப் பதிவுகள், ஏரிக் கணக்குகள், தமிழில் வழங்கும் பஞ்சக் கும்மிகள் ஆகியவற்றைச் சென்னை வானாய்வகத்தின் மழைப் பதிவுகளோடும் கொடைக்கானல் நிறுவன ஆவணங்களோடும் இணைத்துப் படிப்பது தமிழாய்வாளர்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஹண்டரின் அட்டவணையில் ஓர் ஆண்டின் மழை அளவாக மட்டும் நின்ற தாது வருடம், அவ்வாய்வில்தான் ஏரி வற்றிய ஊர்களின் வரலாறாகவும் விரியும்.